காதால் பழம் வாங்காத அக்கா

வேலை கொடுப்பதற்கு முன் அந்த அக்கா என் பையைத் திறந்து பார்த்தார். அடையாளக் கார்டைக் கேட்கவில்லை. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்றும் கேட்கவில்லை. கடைப் பலகையில் கிடந்த முள் தோல் டுரியான் பழங்களை ஒரு பக்கமாகத் தள்ளி, பையை வைத்து, ஜிப்பை இழுத்தார். உள்ளே இரண்டு சட்டை, ஒரு கைலி, பல் துலக்கும் பிரஷ், ஒரே ஒரு ஜப்பான் சிலிப்பர்.

"ஒத்தச் செருப்ப ஏன்லா தூக்கிட்டுத் திரியிற?"

"இன்னொன்னு லாரியில இருந்து விழுந்திருச்சுக்கா. எங்கயாச்சும் கெடைக்கும்னு..."

"கெடைக்காது. ஆனா நீ திருடன் இல்ல. திருடன்னா ஜோடியா வச்சிருப்பான்."

அப்படித்தான் மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துப் பெக்கோக்கில் சாலையோரக் கடை ஒன்றில் டுரியான் பருவத்துக்கு வேலைக்குச் சேர்ந்தேன். அன்று காலைதான் லாரி ஓட்டுநரோடு வாய்த்தகராறு ஆகி, அவர் என்னை அந்தச் சாலையில் இறக்கிவிட்டுப் போயிருந்தார். அதற்கு முன் செம்பனைத் தோட்டத்தில் குலை தூக்கியிருக்கிறேன், பத்து பாகாட் நகரத்துத் துணித் தொழிற்சாலையில் மூட்டை கட்டியிருக்கிறேன், ஸ்கூடாயில் மாணவர்கள் சாப்பிடும் கடையில் தட்டு கழுவியிருக்கிறேன். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நானும் அதை விட்டேன். எந்த ஊரிலும் எனக்குக் கால் தரித்ததில்லை. பெக்கோக்கில் மட்டும் பருவம் முடிந்த பிறகும் இருந்தேன். அதற்கு அந்த அக்காதான் காரணம்.

ஐம்பது வயதைத் தாண்டியவர். பெரிய குரல். தலையில் எப்போதும் ஒரு துண்டு. கத்திக்குப் பக்கத்தில் ஒரு முறுக்கு டின் இருக்கும். அவர் முறுக்கைக் கடிக்கும் சத்தம் சாலைக்கு எதிர்ப்பக்கம் வரைக்கும் கேட்கும். கணவர் செத்துப் பல வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் கல்யாணமாகிப் பத்து பாகாட்டில் இருந்தார்.

டுரியான் விற்கிறவர்கள் எல்லோரும் வாங்குகிறவர் கேட்டால் பழத்தில் சிறிய முக்கோணமாகக் கீறித் திறந்து காட்டுவார்கள். அக்கா யாரும் கேட்காமலே திறப்பார். வேண்டாம் என்றாலும் திறப்பார். காட்டோரத்துப் பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி ஆட்கள் மோட்டார் சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு வருவார்கள். கூடைக்கு ஒரு பழம் திறந்து பார்த்த பிறகுதான் நிறுவைக்கே போகும். அவர்கள் சிரித்துக்கொண்டே, திறக்க வேண்டிய பழத்தை அவர்களே எடுத்து நீட்டுவார்கள்.

ஒருமுறை சிங்கப்பூர் வண்டியில் வந்த ஒரு பெரியவர் பழத்தை முகர்ந்தார், காதோரம் வைத்துக் குலுக்கினார், கொட்டை ஆடுகிற சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அக்கா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், அது போன் இல்ல. காதுல வச்சா பேசாது," என்று மலாயில் சொன்னார்.

பெரியவருக்குக் கோபம். நாற்பது வருடமாக டுரியான் சாப்பிடுவதாகவும், திறந்தால் வண்டி முழுக்க வாடை அடிக்கும் என்றும், அப்படியே கட்டித் தரும்படியும் சொன்னார். அக்கா அதைக் காதில் வாங்காமல் கத்தி முனையைச் செருகி ஒரு துண்டைக் கிள்ளி எடுத்தார். உள்ளே சுளைக்குப் பக்கத்தில் புழு நெளிந்தது. பெரியவர் அடுத்த பழத்தை அவரே எடுத்து நீட்டினார்.

அவர் போன பிறகு அக்கா என்னிடம் சொன்னார்: "காதால பழம் வாங்காத தம்பி. கண்ணுன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

கல்யாண வீட்டில் மொய்யோடு பரிசுப் பெட்டி கொடுத்தால், கொடுத்தவர் எதிரிலேயே பிரித்துப் பார்க்கிற ஆள் அவர். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனபோது நடந்ததைப் பெக்கோக்கில் தெரியாதவர்கள் இல்லை. பையனின் சம்பளம், வீடு, ஜாதகம் எல்லாம் பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, இவர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய் ஐஸ் பெட்டியைத் திறந்துவிட்டார். பையனின் அம்மா பின்னாலேயே ஓடினார். அதற்குள் இவர் ஒவ்வொரு டப்பாவாக மூடி தூக்கிப் பார்த்து முடித்திருந்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, "பழைய கொழம்பு இருக்கு. ஆனா ஒளிச்சு வைக்கல. மூடி, முன்னாடியே வச்சிருக்காங்க. பொண்ண குடுக்கலாம்," என்று எல்லோர் முன்னாலும் சொன்னாராம். சம்பந்தியம்மா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

திறப்பதில் அவருக்கு ஒரு கட்டுப்பாடும் இருந்தது. சில கடைகளில் திறந்து, வாங்குகிறவருக்குப் பிடிக்காத பழத்தை ரப்பர் பேண்டு போட்டு மூடி அடுத்த ஆள் தலையில் கட்டுவார்கள். அக்கா செய்ய மாட்டார். திறந்த பழம் அன்றைக்கே முடிய வேண்டும். விற்காவிட்டால் சுளையை வழித்து உப்புப் போட்டு, தெம்போயாக் என்கிற புளித்த ஊறுகாய்க்கு ஊற வைப்பார். இல்லையென்றால் எங்களுக்குச் சாப்பிடக் கொடுப்பார். "தொறந்தவங்கதான் முடிக்கணும்" என்பது அவர் சொல்.

இப்படிப்பட்டவர் ஒரு விஷயத்தைத் திறக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். அது அவருடைய சொந்தத் தாடை.

முதலில் நான் கவனித்தது முறுக்கைத்தான். சத்தம் நின்றுபோயிருந்தது. முறுக்கைத் தேநீரில் நனைத்து, வலது பக்கமாக ஒதுக்கி மென்றார். பிறகு தலைத்துண்டைத் தாடையோடு சேர்த்துக் கட்டத் தொடங்கினார். யாராவது கேட்டால் பல்வலி என்பார். ஆனால் வலி இல்லை என்று என்னிடம் சொல்லியிருந்தார். இடது கீழ்த்தாடை மெல்ல மெல்லத் தடித்துக்கொண்டு வந்தது. கடைவாய்ப் பற்கள் இரண்டு ஆடின. உப்புத் தண்ணீர் கொப்பளித்தார், மஞ்சள் பற்றுப் போட்டார். வீக்கம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மகள் வந்து பார்த்து அலறி, பத்து பாகாட்டில் பல் மருத்துவரிடம் இழுத்துப் போனார். அங்கே படம் எடுத்தார்கள். தாடை எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் சோப்பு நுரை மாதிரிக் குமிழ் குமிழாக இருந்தது. ஜொகூர் பாருவில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே இருந்த டாக்டர், கட்டியிலிருந்து சிறு துண்டு வெட்டி எடுத்துச் சோதித்தால்தான் என்ன கட்டி என்று தெரியும் என்றதும் அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து நேராக வண்டிக்கு வந்துவிட்டார்.

கட்டியில் கத்தி பட்டால் அது கோபித்துக்கொண்டு உடம்பெல்லாம் பரவும் என்று தோட்டத்துப் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். என் தாய்மாமாவுக்கும் அப்படித்தான் சொல்லி, யாரும் கத்தி வைக்காமலேயே அவர் செத்துப்போனார். அக்காவுக்கும் அந்தப் பயம்தான் என்று நினைத்தேன். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன்.

அவர் ஒரு டுரியானைக் கையில் உருட்டியபடி சொன்னார்: "தொறந்த பழம் எத்தன நாள் தாங்கும், சொல்லு?"

"ஒரு நாள்."

"அதுக்குள்ள முடிச்சிடணும். இல்லன்னா காத்துப் பட்டுப் புளிச்சுப் போயிடும். இது வாய்லா. இன்னிக்குத் தொறப்பாங்க. அப்புறம் இந்த டாக்டர் இல்ல அந்த டாக்டர்னு அலைய விடுவாங்க. தொறந்து போட்டது போட்டபடி கெடக்கும். யாரு வந்து முடிப்பா?"

 அவருடைய தொழிலில் அது பிசகாத கணக்கு. பழத்தில் சரி. தாடையில் சரியா என்று எனக்கு எப்படித் தெரியும்?

சில வாரம் போனது. துண்டுக்கு வெளியேயும் வீக்கம் தெரிய ஆரம்பித்தது. பேசும்போது சொற்கள் குழறின. விலை சொல்ல என்னைக் கூப்பிட்டார். இப்படியே விட்டால் எலும்பு மெலிந்து, ஒருநாள் எதையாவது கடிக்கும்போது தாடை தானாகவே முறிந்துவிடும் என்று டாக்டர் மகளிடம் போனில் சொல்லியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் கடைக்கே வந்துவிட்டார். வாங்க வந்தவர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். மகள் அதைப் பொருட்படுத்தவில்லை.

"கெளம்புங்கம்மா. வண்டி நிக்குது."

"யாவாரம் நடக்குது, பாக்கல நீ?"

"பாத்தேன். எல்லாத்தையும் தொறந்து தொறந்து காட்டுறீங்க, அதையும் பாத்தேன்."

"அது பழம். இது வாய்."

"ஓ! என் மாமியார் வீட்டு ஐஸ் பெட்டிய மட்டும் தொறக்கலாம். என் கல்யாணமாச்சேன்னு பாத்தீங்களா? டப்பா டப்பாவா மூடியத் தூக்குனீங்க. பத்து வருஷமா அந்தம்மாகிட்ட நான் வாங்கிக் கட்டிக்கிறேன். உங்க வாயத் தொறக்கச் சொன்னா மட்டும் வலிக்குதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாங்க வந்திருந்த ஒரு மலாய்க்காரப் பெண், மகள் என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அவரும் வாயைப் பொத்திக்கொண்டார்.

அக்கா சிரிக்கவில்லை. கத்தியைத் துணியில் துடைத்தார். கையிலிருந்த பழத்தைத் திறந்து அந்த மலாய்க்காரப் பெண்ணிடம் காட்டி, விற்று, மீதிப் பழங்களைச் சாக்குப் போட்டு மூடினார்.

"அலமாக், வாய் மட்டும் என்ன மாதிரியே பெத்து வச்சிருக்கேன்," என்று சொல்லிக்கொண்டே வண்டியில் ஏறினார். ஓட்டியது நான்.

மறுநாள் காலை ஜொகூர் பாரு ஆஸ்பத்திரி. டாக்டர் சின்ன வயதுப் பெண், சிலோன் தமிழர் குடும்பம். தமிழை யோசித்து யோசித்துப் பேசுவார். கத்தி பட்டால் கட்டியின் குணம் மாறாது, அது ஏற்கனவே என்னவாக இருக்கிறதோ அதுவாகத்தான் இருக்கும் என்றார். அக்கா அதைக் கேட்டுக்கொண்டார். பிறகு தன்னுடைய கேள்வியைக் கேட்டார்.

"நீங்க தொறந்தா நீங்களே முடிப்பீங்களா, இல்ல வேற ஆளுகிட்டத் தள்ளி விட்டுட்டுப் போயிடுவீங்களா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கவர்மென்ட் வேலை, ஆன்ட்டி. என்னை வேற ஊருக்கு மாத்தலாம். அப்படி மாத்தினா, அடுத்து யார் பார்ப்பாங்கன்னு உங்களுக்குக் காட்டிட்டுத்தான் போவேன்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "பொய் சொல்லல," என்றார். வாயைத் திறந்தார்.

துண்டைச் சோதித்த முடிவுக்குக் காத்திருந்த நாளில் நடைவழி நாற்காலியில் ஒருவர் எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பத்து பாகாட்டில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கும் தாடையில்தான். வெளியே பார்த்தால் ஒரு கொட்டைப் பாக்கு அளவு வீக்கம், அவ்வளவுதான்.

"தொறந்து பாத்தாங்களா?" என்று அக்கா கேட்டார்.

"பாத்தாங்கம்மா. கெட்டது. நுரையீரல்லயும் இருக்காம்."

அக்கா தன் தாடையைத் தொட்டுக்கொண்டார். அவருடையது அதைப்போல நாலு மடங்கு. கூப்பிடும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

உள்ளே டாக்டர், வெட்டி எடுத்த துண்டை நுண்ணோக்கியில் பார்த்த படத்தை ஒரு திரையில் காட்டினார். அக்காதான் காட்டச் சொன்னார். பார்க்காமல் ஒன்றையும் நம்ப மாட்டேன் என்றார். வெளிர் ரோஜா நிறத்தில் திட்டுத் திட்டாக ஊதாப் புள்ளிகள்.

"கத்திரிக்கா நறுக்குன மாதிரி இருக்கு," என்றார் அக்கா.

"இது கேன்சர் இல்ல, ஆன்ட்டி."

மகள் அழ ஆரம்பித்தார். அக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அப்ப நல்லதா?"

"நல்லதுன்னும் சொல்ல மாட்டேன். வேற இடத்துக்குப் போகாது. ஆனா இருக்கிற எடத்துல எலும்பைத் தின்னும். பல்லை உண்டாக்குற செல் இருக்கு இல்லையா, பல் முளைச்சதும் அதுக்கு வேலை முடிஞ்சிடும். உங்களுக்கு அப்படி ஒரு செல்லுல, வளரச் சொல்ற ஸ்விட்ச் ஜாம் ஆயிடுச்சு. ஒரு ஜீன்ல சின்ன மாற்றம். அணைக்க முடியல. வளர்ந்துகிட்டே இருக்கு."

"யாரு தட்டி விட்டா?"

"யாரும் இல்ல. நீங்க பொறந்த பிறகு எப்பவோ தானா நடந்தது."

"இவளுக்கு?" அக்கா மகளைக் காட்டினார்.

"போகாது. அந்தக் கட்டிக்குள்ள மட்டும்தான் அந்த மாற்றம். ரத்தத்துல வர்றது இல்ல."

அப்போதுதான் அக்காவின் தோள் இறங்கியது. அத்தனை மாதமாக அவர் பயந்தது தன் தாடைக்காக மட்டும் இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் ஒன்று கேட்டேன். வெளியே உட்கார்ந்திருக்கிற பஸ்காரருக்கும் இதே ஸ்விட்ச்தானா? மற்றவருடைய விஷயத்தை டாக்டர் சொல்லவில்லை. பொதுவாக என்று சொல்லிவிட்டு விளக்கினார். நல்ல கட்டியிலும் கெட்ட கட்டியிலும் சில சமயம் ஒரே மாற்றம் இருக்கும். கெட்டதில் அதோடு வேறு பல கோளாறுகளும் சேர்ந்திருக்கும், தடுக்க வேண்டியவையும் வேலை செய்யாது. லாரியோடு திரிந்த எனக்கு அது புரிந்தது. ஒன்று, வேகத்தைக் கூட்டுகிற எண்ணெய் மிதி ஒட்டிக்கொண்ட லாரி. மற்றது, மிதியும் ஒட்டி, பிரேக்கும் போன லாரி. நிற்கும்போது பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். பெரிய லாரியா சின்ன லாரியா என்பதை வைத்தும் சொல்ல முடியாது.

வழக்கமான வைத்தியம், இடது தாடையைப் பாதி வெட்டி எடுத்துவிட்டு, காலிலிருந்து எலும்பு எடுத்து வைத்துத் தைப்பது. அக்கா முகம் கறுத்தது. டாக்டர் இன்னொன்றும் சொன்னார். ஜாம் ஆன அந்த ஸ்விட்சை மட்டும் அடக்குகிற மாத்திரை இருக்கிறது. வேறு நோய்க்கு வந்த மருந்து. இந்தக் கட்டிக்கு இன்னும் ஆராய்ச்சியாகத்தான் கொடுத்துப் பார்க்கிறார்கள். அந்த மாற்றம் இருப்பவர்களுக்குத்தான் கேட்கும். அக்காவின் துண்டில் அது இருந்தது. கட்டி சுருங்கினால் தாடையை வெட்டாமல் மிச்சத்தைச் சுரண்டி எடுக்கலாம். சுருங்காவிட்டால் வெட்டித்தான் ஆக வேண்டும்.

"உறுதியா சொல்ல முடியாது," என்றார் டாக்டர்.

"உறுதியா சொல்லியிருந்தா நான் எந்திரிச்சுப் போயிருப்பேன்," என்றார் அக்கா.

பருவம் முடிந்து கடை மூடிய பிறகும் நான் பெக்கோக்கிலேயே இருந்து அவரை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். மாத்திரை காய்ச்சலைக் கொண்டுவந்தது. கையெல்லாம் தடித்துச் சிவந்தது. இடையில் சில நாள் நிறுத்திவிட்டு மறுபடி கொடுத்தார்கள். அக்கா காலையில் எழுந்ததும் கண்ணாடி முன் நின்று, ஒரு கரண்டியால் கன்னத்தை ஒதுக்கி, டார்ச் அடித்து உள்ளே பார்ப்பார். டாக்டர் பார்க்கிறாரே என்றால், "அவங்க மாசத்துக்கு ஒருக்க பாக்குறாங்க. நான் கூடவே இருக்கேன்லா," என்பார்.

ஒருநாள் துண்டைத் தாடையோடு சேர்த்துக் கட்டினார். முடிச்சு நிற்காமல் வழுக்கி விழுந்தது. மறுபடி கட்டினார். மறுபடி விழுந்தது. என்னைக் கூப்பிட்டு, "புதுத் துண்டா இது?" என்று கேட்டார். பழைய துண்டுதான். முகம்தான் இளைத்திருந்தது.

அதற்குப் பிறகு எடுத்த படத்தில் நுரை இருந்த இடத்தில் வெள்ளையாக எலும்பு கூடிக்கொண்டு வந்தது. டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அக்கா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். யாருடைய படத்தையும் மாற்றி வைத்துவிடவில்லையே என்று பெயரைப் படிக்கச் சொல்லி என்னைக் கேட்டார். படித்தேன். அவர் பெயர்தான்.

அதோடு எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்துவிட்டது. பாசிர் கூடாங் துறைமுகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினேன். அக்கா தடுக்கவில்லை. என் பையைத் திறந்து பார்த்தார். புதிதாக ஒரு ஜோடி சிலிப்பரை உள்ளே வைத்து ஜிப்பை இழுத்தார்.

"இப்ப ஜோடியா இருக்கு. எவனாவது தொறந்து பாத்தா உன்னத் திருடன்னுதான் நெனப்பான்," என்றார்.

அக்காவுக்குப் போனில் எழுதத் தெரியாது. குரலைப் பதிந்து அனுப்புவார். நாளைக்குச் சுரண்டப் போகிறார்கள் என்று ஒருநாள் வந்தது. பின்னணியில் மகள் ஏதோ திட்டிக்கொண்டிருந்தார். பிறகு மகள் அனுப்பினார்: முடிந்தது, தாடையை வெட்டவில்லை, இப்போதைக்குக் கஞ்சி மட்டும்தான், கட்டி திரும்பவும் வரலாம் என்பதால் வருடா வருடம் போய்க் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். பஸ்காரரைப் பற்றிக் கேட்டேன். அவருக்கும் வைத்தியம் நடக்கிறது, பேச முடியவில்லை, ஆனால் பார்த்தால் கையை ஆட்டுகிறார் என்றார்.

அதற்குப் பிறகு நீண்ட நாள் ஒன்றும் வரவில்லை. நான் துறைமுகத்திலிருந்து சிங்கப்பூர் போய், அங்கிருந்து திரும்பி, ஸ்கூடாயில் ஒரு கிடங்கில் வேலைக்கு நின்றேன். ஒரு பிற்பகல் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து பதிவு வந்தது. காதில் வைத்தேன். பேச்சே இல்லை. அனுப்பத் தெரியாமல் அனுப்பிவிட்டார் என்று நினைத்தேன். அப்போது ஒரு சத்தம் கேட்டது. கடக்கென்று, நன்றாகக் காய்ந்த முறுக்கு உடைகிற சத்தம். அதைத் தொடர்ந்து நிதானமாக, நொறுநொறுவென்று மெல்லுகிற சத்தம். அவசரமே இல்லாமல் மென்று முடித்தார். அப்புறம் அந்தப் பழைய பெரிய குரல்.

"இடது பக்கம், தம்பி. காதால கேட்டு நம்பிடாத. வந்து பாரு."

பெட்டிகளை அடுக்கி முடித்தேன். சம்பளத்தை வாங்கினேன். பெக்கோக்கில் மறுபடி பழம் விழுகிற பருவம் தொடங்கியிருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு வடக்கே போகிற பஸ்ஸில் ஏறினேன்.